மாலத்தீவின் ‘ஆல் இன்க்ளூசிவ்’ ரிசார்ட்டுக்குச் செல்வோருக்கு: முன்பதிவு முதல் அறைச்சாவி வரை

மாலத்தீவில் ரிசார்ட் என்பது பெரும்பாலும் ஒரு தீவு முழுவதையும் குறிக்கும். 1972ஆம் ஆண்டில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்டதிலிருந்து, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற முறையே அங்கு வேரூன்றியிருக்கிறது. தங்குமிடத்தின் விலை பிடிக்கவில்லை என்று தெருமுனைக் கடைக்குப் போய்ச் சாப்பிட்டு வர அங்கே தெருவும் இல்லை, கடையும் இல்லை. காலைக் காபியிலிருந்து இரவு அருந்தும் தண்ணீர் வரை ரிசார்ட் வைத்ததே விலை என்பதால்தான், உணவும் பானமும் முன்கூட்டியே கட்டணத்தில் அடங்கிவிடும் ‘ஆல் இன்க்ளூசிவ்’ திட்டம் குடும்பத்தோடு செல்பவர்களுக்கு ஏற்றதாக இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் பெரும்பாலும் தீவின் படகுத்துறையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மாலே விமான நிலையத்திலிருந்து அந்தப் படகுத்துறைக்குச் சென்று சேர்வது தனிச் செலவு, தனி ஏற்பாடு. ஆகவே முதலில் தீவையும், அடுத்து அந்தத் தீவுக்குச் செல்லும் வழியையும் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே விமானச் சீட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மலிவான சீட்டு கிடைத்தது என்று முதலில் அதை வாங்கிவிடுபவர்கள், மிச்சப்படுத்திய பணத்தைவிடக் கூடுதலாக மாலேயில் ஓர் இரவு விடுதிக்குச் செலவிட நேர்கிறது.

தீவுக்குச் செல்லும் வழி

வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் நாடு அது. ஏறத்தாழ 1,200 தீவுகள் பவழத் திட்டுக் கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. பன்னாட்டு விமானங்களில் பெரும்பாலானவை தலைநகர் மாலேயை அடுத்த ஹுல்ஹுலே தீவிலுள்ள வெலானா விமான நிலையத்தில் இறங்குகின்றன. அங்கிருந்து ரிசார்ட்டுக்குச் செல்ல மூன்று வழிகள் உள்ளன. அருகிலுள்ள தீவுகளுக்கு ஸ்பீட் போட் போதும். அது இரவிலும் ஓடும் என்பதால் உங்கள் விமானம் எந்நேரம் வந்தாலும் பெரும்பாலும் கவலையில்லை. அட்டு, காஃபு அலிஃபு போன்ற தென்கோடித் தீவுக் கூட்டங்களுக்கு உள்நாட்டு விமானத்தில் சென்று, அங்கிருந்து படகில் போக வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவில் இருக்கும் தீவுகளுக்குச் செல்வதுதான் கடல் விமானம்.

கடல் விமானத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. டிரான்ஸ் மால்டிவியன் ஏர்வேஸ் போன்ற நிறுவனங்கள் இயக்கும் ட்வின் ஆட்டர் வகை விமானங்கள் சுமார் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு கடலிலிருந்தே எழும்பிக் கடலிலேயே இறங்குகின்றன. விமானி கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய விமானம் என்பதால் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலேயில் பிற்பகல் மூன்றரை மணிக்குள் தரையிறங்குபவர்களுக்கே அன்றைய கடல் விமானம் உறுதி என்று பல ரிசார்ட்டுகள் எழுத்திலேயே தெரிவிக்கின்றன. திரும்பும்போதும் இதே சிக்கல் உண்டு: காலை எட்டு மணிக்குப் பன்னாட்டு விமானம் என்றால், முந்தைய நாள் மாலையே தீவைவிட்டுக் கிளம்பி மாலேயில் தங்க வேண்டியிருக்கும், அந்த இரவுக்கும் நீங்கள் ரிசார்ட்டில் பணம் கட்டியிருந்தால் அது வீண். புறப்படும் நேரம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுவதில்லை. யார் யார் எந்த விமானத்தில் வருகிறார்கள் என்று பார்த்து, வழக்கமாக முந்தைய நாள் மாலையில்தான் பட்டியல் போடுகிறார்கள். வழியில் வேறு ரிசார்ட்டுகளில் இறங்கி ஏறிச் செல்வதும் இயல்பு. எனவே முனையத்தில் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க நேர்ந்தாலும் எதோ தவறு நடந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

பயணப்பை 20 கிலோவும் கைப்பை 5 கிலோவும் என்பதே அங்கு வழக்கமான வரம்பு. மிகுந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று டாலரில் வாங்குவார்கள். சர்வதேச விமானம் 30 கிலோ அனுமதிக்கிறது என்று நிரப்பிக்கொண்டு போவது இங்கே செல்லாது. விமானத்தினுள் கழிப்பறை இல்லை என்பதால், முதியவர்களையும் குழந்தைகளையும் முனையத்திலேயே போய்வரச் சொல்லுங்கள். இரைச்சல் கடுமையாக இருக்கும். காதடைப்பான் தருவார்கள், அதைக் குழந்தைகளுக்கு மறக்காமல் அணிவியுங்கள். இருக்கை எண் கிடையாது. யார் முன்னே ஏறுகிறார்களோ அவர்களுக்கு ஜன்னல். பவழத் திட்டுகளின் நீல வளையங்களை மேலிருந்து பார்க்கும் அந்த முப்பது, நாற்பது நிமிடங்கள், செலவைப் பொருட்படுத்தாமல் ஒருமுறையேனும் பார்க்க வேண்டியவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை

விளம்பரத்தில் காட்டும் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், வரியும் சேவைக் கட்டணமும் அதன்மேல் வரும் என்று பொருள். சுற்றுலாத் துறைக்கான பொருள் மற்றும் சேவை வரி 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. சேவைக் கட்டணம் வழக்கமாக 10 விழுக்காடு. இவை போகப் பசுமை வரி என்று ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் வசூலிக்கப்படுகிறது. நால்வர் கொண்ட குடும்பம் ஐந்து இரவுகள் தங்கினால் இந்த வரி மட்டுமே 240 டாலர் ஆகிவிடும். இவையெல்லாம் கட்டிய தொகைக்குள் அடக்கமா, கிளம்பும்போது கேட்பார்களா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் உள்ள முகவரிடம் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். என்ற முன்வரியும் பிடிக்கப்படும். அதை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதால் ரசீதை விட்டுவிடக் கூடாது.

‘ஆல் இன்க்ளூசிவ்’ என்ற பெயர் ஒன்றே தவிர உள்ளடக்கம் ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். மூன்று வேளை பஃபே உணவும் குறிப்பிட்ட வகைப் பானங்களும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. தனி மெனு கொண்ட உணவகங்கள், அறையிலுள்ள சிறு குளிர்பெட்டி, அறைக்கே உணவு வரவழைப்பது, மோட்டார் பொருத்திய நீர் விளையாட்டுகள், ஸ்பா, டால்பின் பார்க்கும் படகுச் சுற்று ஆகியவற்றில் எவை அடங்கும், எவை அடங்காது என்பதை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பானங்கள் எத்தனை மணிவரை என்பதும், கடைசி நாளில் அறையைக் காலி செய்யும் நண்பகலோடு திட்டம் முடிந்துவிடுமா, தீவைவிட்டுக் கிளம்பும்வரை நீடிக்குமா என்பதும் முக்கியமான கேள்விகள். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளிலுள்ள விருந்தினர் இல்லங்களும் இதே பெயரில் தொகுப்பு விற்பதுண்டு. அத்தீவுகளில் மது சட்டப்படி கிடையாது என்பதை அறிந்து தேர்ந்தெடுங்கள்.

சைவ உணவினர் முன்பதிவின்போதே அதை எழுதிவிட வேண்டும். பல ரிசார்ட்டுகளில் இந்தியச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள், சொன்னால் செய்தும் தருவார்கள். ஆனால் உள்ளூர்ச் சமையலுக்குச் சூரை மீனே உயிர். தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயுடன் பிசைந்த மஸ் ஹுனி காலை உணவு மேசையில் பார்ப்பதற்குத் தேங்காய்ச் சம்பல் போலவே இருக்கும்; அதில் மீன் உண்டு. இலங்கைத் தமிழர் வீடுகளில் சம்பலுக்குப் போடும் மாசிக்கருவாடு அந்நாட்டிலிருந்துதான் காலங்காலமாக வந்தது என்பதை நினைவிற்கொண்டால், காய்கறிக் கறியிலும் அது கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு உண்பது நல்லது என்று புரியும்.

சிறு குழந்தைகள் உள்ளவர்கள் நீர்மேல் அமைந்த வில்லாவை விட்டுக் கரையோர வில்லாவையே எடுக்கும்படி வலியுறுத்துவேன். நீர்மேல் வில்லாவின் படிக்கட்டு நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. பல ரிசார்ட்டுகள் அங்கே குறிப்பிட்ட வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளை அனுமதிப்பதும் இல்லை. பருவத்தைப் பொறுத்தவரை டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி, விலை உச்சம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, விலை தணிவு. மழைக் காலத்தில் நீண்ட ஸ்பீட் போட் பயணம் குமட்டலை உண்டாக்கும் என்பதால் அதற்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களும் சுங்கமும்

இந்தியக் குடிமக்களுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. சுற்றுலாவுக்கு 90 நாள்வரை இறங்கியதும் இலவச அனுமதி கிடைக்கிறது. பிற நாட்டவர்க்கு இது பொதுவாக 30 நாள். திரும்பும் சீட்டும் தங்குமிட உறுதிச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற பயணியர் அறிவிப்புப் படிவத்தை மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் இணையத்தளத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசுத் தளமன்று. நம்மவர்கள் பெயர்களில் தலைப்பெழுத்து, தந்தை பெயர், குடும்பப் பெயர் இல்லாமை என்று பல குழப்பங்கள் இருப்பதால், விமானச் சீட்டு, இமுகா, ரிசார்ட் முன்பதிவு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரை நிரப்புங்கள்.

சுங்க விதிகள் கடுமையானவை. மதுவை நாட்டுக்குள் கொண்டுசெல்ல முடியாது. வழியில் டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய புட்டியாயினும் எடுத்து வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், நாட்டைவிட்டுப் போகும்போது பெற்றுக்கொள்ளலாம். பன்றி இறைச்சிப் பொருள்களுக்கும், 2024 நவம்பர் முதல் மின் சிகரெட்டுகளுக்கும் தடை உண்டு. வழிபாட்டுக்குரிய சிலைகளும் தடைப்பட்டியலில் இருக்கின்றன என்பதை நம் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்; எங்கே போனாலும் பையில் சிறு பிள்ளையார் விக்கிரகம் ஒன்றை வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ள பெரியவர்களிடம் இதை வீட்டிலேயே எடுத்துச்சொல்லி, அதைப் பூசையறையில் விட்டுவரச் செய்வது அந்த விக்கிரகத்துக்கும் மரியாதை. மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். சுவரில் இருப்பது மூன்று பட்டைக் கம்பிச் செருகி என்பதால், இந்தியாவின் உருண்டைக் கம்பிச் செருகிக்கு அடாப்டர் தேவை.

இறங்கியது முதல் அறை வரை

சுங்கத்தைக் கடந்து வெளியே வந்தால் ரிசார்ட்டுகளின் முகப்புகள் (கவுன்ட்டர்கள்) எண்ணிட்டு வரிசையாக இருக்கும். எந்த முகப்பு என்று ரிசார்ட் முன்கூட்டியே எழுதியிருக்கும். அவர்கள் உங்கள் பாஸ்போர்ட்டையும் முன்பதிவையும் சரிபார்த்துப் படகுக்கோ, கடல் விமான முனையத்துக்குச் செல்லும் பேருந்துக்கோ அழைத்துச் செல்வார்கள். பெரிய பைகள் தனியே வந்து சேர்வதும், அறை பொதுவாக மதியம் இரண்டு மணிக்குத்தான் தயாராவதும் வழக்கம் என்பதால், நீச்சலுடை, ஒரு மாற்றுடை, மருந்து, குழந்தை உணவு, கைபேசி மின்னூட்டி ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் முற்பகலில் போய்ச் சேர்ந்தாலும் நேராகக் கடலில் இறங்கலாம். அறை கிடைக்கும் முன்பே மதிய உணவு உங்கள் திட்டத்தில் சேருமா என்று வரவேற்பறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செக்-இன் நேரத்தில் பாஸ்போர்ட் நகல் எடுத்து, பதிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, கூடுதல் செலவுகளுக்காகக் கடன் அட்டையில் ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். புறப்படுமுன் வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட வேண்டும். நிறுத்திவைத்த தொகை விடுபடச் சில நாளாகும் என்பதால் டெபிட் அட்டையைத் தராமல் கடன் அட்டையையே தாருங்கள். தேனிலவுச் சலுகை கேட்டிருந்தால் திருமணச் சான்றிதழின் நகலைக் காட்டச் சொல்வதுண்டு. கையெழுத்திடுமுன், உங்கள் திட்டத்தில் அடங்கியவற்றின் அச்சிட்ட பட்டியலைக் கேட்டு, மின்னஞ்சலில் வந்ததோடு ஒப்பிடுங்கள். ஏதேனும் மாறியிருந்தால் அப்போதே, அமைதியாக, மின்னஞ்சலைக் காட்டிப் பேசுங்கள்; பயணக் களைப்பில் தலையாட்டிவிட்டுக் கடைசி நாளில் வாதிடுவதைவிட அது எளிது.

இன்னொன்றையும் அங்கேயே கேளுங்கள்: தீவின் கடிகாரம் எது? மாலே நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு அரை மணி பின்தங்கியது. ஆனால் பல ரிசார்ட்டுகள் விருந்தினர் கூடுதல் வெளிச்சம் பெற வேண்டித் தம் தீவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருக்கின்றன. தானாகவே மாலே நேரத்தைக் காட்டும் கைபேசியை நம்பினால், இரவு உணவு முன்பதிவுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்வீர்கள். தனி உணவகங்களுக்கான இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், தங்கும் நாள்கள் அனைத்துக்குமான முன்பதிவை முதல் நாளிலேயே முடித்துவிடுவது நல்லது.

ஆழ்கடல் முக்குளிப்பில் ஆசையுள்ளவர்கள் அதை முதல் நாள்களில் வைத்துக்கொள்ள வேண்டும். முக்குளித்த பின் உடலில் கரைந்துள்ள நைட்ரஜன் வெளியேறுவதற்குள் விமானத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே 24 மணி நேரம் விடுவது பாதுகாப்பு, அந்தக் கணக்கில் கடல் விமானமும் சேரும். கிளம்புவதற்கு முந்தைய மாலை கணக்குச் சீட்டைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் பாருங்கள். கடல் விமானத்தின் புறப்பாட்டு நேரமும் அப்போதுதான் தெரியவரும். நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கும் இமுகா படிவத்தை மீண்டும் நிரப்ப வேண்டும். அதை அறையின் வைஃபையிலேயே முடித்துவிட்டு, கரையில் குழந்தைகள் பொறுக்கிய பவழத் துண்டுகளை மாலே சுங்கத்தில் பறிமுதல் செய்வார்கள் என்பதால், பைகளை மூடுமுன் அவற்றைக் கடலிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.