வானொலிக்கு எழுதத் தொடங்கித் தயாரிப்பாளர் ஆவது எப்படி?

எழுத்தாளராக நுழைந்து தயாரிப்பாளராக உயர விரும்புபவர், தொலைக்காட்சி வாய்ப்புக்காகக் காத்திருக்காமல் முதலில் வானொலி நாடகம் எழுதிப் பழகுவதே நல்லது. சென்னையில் வானொலி நிலையம் 1938-இலும் தொலைக்காட்சி நிலையம் 1975-இலும் தொடங்கின. இடைப்பட்ட 37 ஆண்டுகளில் ஒலிபரப்புக்கு எழுதியவர்களுக்கு நேயரின் காதே மேடையாக இருந்தது.

மூன்று அல்லது நான்கு பாத்திரங்களுடன் கால் மணி நேர நாடகம் ஒன்றை எழுதுங்கள். ஒரே வயதுள்ள இரண்டு ஆண்களை ஒரே காட்சியில் பேச வைத்தால், யார் பேசுகிறார் என்று நேயர் குழம்பிவிடுவார். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது காட்சியை வசனத்தில் விவரிக்கும்போதுதான். "கதவைத் திறக்கிறேன், உள்ளே ஒரே இருட்டாக இருக்கிறதே" என்று யாரும் தனக்குத்தானே பேசிக்கொள்வதில்லை. பூட்டில் சாவி திரும்பும் ஓசை, சுவிட்சை இரண்டு முறை தட்டும் ஓசை, பிறகு "இன்னைக்கும் கரண்ட் போச்சா?" என்ற ஒரு வரி, இருட்டும் வீடும் அவருடைய சலிப்பும் அதிலேயே வந்துவிடுகின்றன.

எழுதி முடித்ததும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நடிகர் பேசும் வேகத்தில் உரக்கப் படியுங்கள்; இசைக்கும் மௌனத்துக்கும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பிரதியைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, பின் அடிக்காமல் கொடுங்கள். தாள் புரளும் சத்தத்தை மைக் விட்டுவைக்காது. (காய்ந்த இலைச் சருகு வேண்டிய காட்சியானால் அதே தாள் உதவும்.)

தயாரிப்பாளரின் வேலை, பிரதியைப் பார்த்தவுடன் எத்தனை குரல்கள், எத்தனை ஒத்திகைகள், ஸ்டூடியோ எவ்வளவு நேரம் தேவை என்று கணக்கிடுவதில் தொடங்குகிறது. அதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, உங்கள் நாடகத்தின் ஒலிப்பதிவுக்கும் எடிட்டிங்குக்கும் அனுமதி கேட்டுப் போய் உட்கார்ந்து, எந்த வரியை ஏன் வெட்டினார்கள் என்று குறித்துக்கொள்வது பலன் தரும். வெட்டப்பட்ட வரி பெரும்பாலும் நீங்கள் மிகவும் ரசித்து எழுதியதாகவே இருக்கும்.

தொலைக்காட்சிக்கு மாறும்போது தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்புறம் காட்சியையும் வலப்புறம் ஒலியையும் எழுதுங்கள். படம் சொல்லிவிட்டதை வலப்புறம் திரும்பச் சொல்லியிருந்தால் அடித்துவிடுங்கள்.