எஸ்எஸ்எச் லாகினில் ஓடிபி ஏற்கவில்லையா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

போன் ஆப்பில் வரும் 6 இலக்க ஓடிபி எண்ணை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) திரும்பத் திரும்ப மறுத்தால், கியூஆர் கோடை மறுபடி ஸ்கேன் செய்யக் கிளம்பாதீர்கள், முதலில் போன், சர்வர் இரண்டிலும் நேரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதே மெஷினில் வெப் சர்வர் ஓடினால், நேரம் பார்க்க சர்வருக்குள் போகவே வேண்டாம்: கர்ல் (வெப் சர்வரிடம் பதில் கேட்கும் கருவி) கமாண்டில் ஹெடரை, அதாவது பதிலின் தலைப்புக் குறிப்புகளை மட்டும் கேளுங்கள், டேட் என்ற வரியில் ஜிஎம்டி நேரம் பெரும்பாலும் வந்துவிடும்.

இரண்டு பக்கமும் ஒரே ரகசிய சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்துத் தனித்தனியாகத்தான் எண்ணைக் கணக்கிடுகின்றன, 30 நொடிக்கு ஒருமுறை அது மாறும். கூகுள் ஆதென்டிகேட்டரின் பேம் மாட்யூல் (சர்வரில் அந்த எண்ணைச் சரிபார்க்கும் பகுதி) வழக்கமாக முந்தைய எண், இப்போதைய எண், அடுத்த எண் என மூன்றை ஏற்கும், அதைத் தாண்டி விலகினால் அவ்வளவுதான். சஸ்பெண்ட் செய்து எழுப்பிய விர்ச்சுவல் மெஷின்களில் இது சகஜம். எஸ்எஸ்எச் இல்லாமல் மெஷினின் நேரடித் திரையான கன்சோல் வழியாகப் போய், கடிகாரத்தை இணையம் வழியாகச் சரிசெய்யும் க்ரோனியை ஓட விடுங்கள், சரியாகிவிடும். 17 எண்கள் வரை ஏற்கும்படி தளர்த்தவும் வழி உண்டு, ஆனால் கடிகாரத்தைத் திருத்தாமல் அதைச் செய்வது சோம்பேறித்தனம்.

டைம்ஸோன் வேறாக இருப்பதால் பிரச்சினை வராது, கணக்கு யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் நடக்கிறது. நேரத்துக்குப் பதில் எண்ணிக்கை அடிப்படையில் ஓடும் எச்ஓடிபி, யூஎஸ்பி பாதுகாப்பு சாவி இவற்றுக்கு இந்தக் குறிப்பு உதவாது. ஒருமுறை போட்ட எண்ணையே மறுபடி போட்டாலும் மறுக்கும்படி அமைத்திருக்கலாம், அப்போது அடுத்த எண் வரும்வரை பொறுங்கள்.