பிரியான் ஒட்டிய அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் முறை

பிரியான் எனும் புரதத்தால் மூளை சிதையும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோப் நோய், சுருக்கமாக சி.ஜே.டி., இருக்கலாம் என்ற சந்தேகத்தில் மூளைத் திசு எடுத்தால், அந்தக் கருவித் தட்டை மற்றவற்றோடு கழுவ அனுப்பக் கூடாது. முதுகுத்தண்டுவடம், விழித்திரை, பார்வை நரம்பு ஆகியவற்றைத் தொட்ட கருவிகளுக்கும் இதே விதிதான்.

இங்கே கொல்வதற்குக் கிருமி எதுவும் இல்லை. மூளையில் இயல்பாகவே உள்ள ஒரு புரதம் மடிப்பு மாறிப் பிரியானாகிறது. அடுத்திருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடித்துவிடுகிறது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இல்லாததால் புற ஊதா ஒளி அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆல்கஹாலும் ஃபார்மலினும் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) புரதத்தை அழிப்பதற்குப் பதிலாக இறுக்கி நிலைக்க வைத்துவிடுகின்றன. ஜூரிச்சில் சி.ஜே.டி. நோயாளி ஒருவரின் மூளைக்குள் வைத்த மின்முனைகளை ஆல்கஹாலாலும் ஃபார்மால்டிஹைடு ஆவியாலும் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தியதில், இளம் நோயாளிகள் இருவருக்கு நோய் தொற்றியது. இது 1977இல் பதிவானது. அதே மின்முனைகள் பின்னர் ஒரு சிம்பன்சிக்கும் நோயைக் கொடுத்தன.

முதல் வேலை, கருவி காயாமல் பார்ப்பது. காய்ந்த புரதம் எஃகில் அப்பிக்கொள்ளும். பிறகு அதைச் சிதைக்க இடும் சோடியம் ஹைட்ராக்சைடு காரமும் உள்ளே போகாது. பயன்படுத்தியவுடன் தண்ணீரிலோ ஈரத்துணியிலோ வையுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவிகள் இருந்தால் அவற்றையே எடுங்கள். வேலை முடிந்ததும் எரித்துவிடலாம். இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

திரும்பப் பயன்படுத்த வேண்டிய எஃகுக் கருவிகளுக்கு, உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுத்த முறைகளில் கடுமையானது இது. 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தயாரியுங்கள்: லிட்டருக்கு 40 கிராம். காஸ்டிக் சோடா எனப்படும் இந்தச் சோடியம் ஹைட்ராக்சைடைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். முகத்தையும் கண்ணையும் மறைக்கும் கவசம், தடித்த ரப்பர் கையுறை, ஏப்ரன் இல்லாமல் தொடாதீர்கள். காற்றிலுள்ள கரியமில வாயு காரத்தின் வலுவைக் குறைத்துவிடும். அன்றன்றைக்குக் கலப்பதே நல்லது.

கருவிகள் முழுக்க மூழ்கும்படி, விளிம்பும் மூடியும் உள்ள கொள்கலனில் இட்டு, சாதாரண ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கருவிகளைச் சூடாக்கும் கலன்) 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வையுங்கள். வெற்றிடப் பம்ப் வைத்த ஆட்டோகிளேவில் வேண்டாம். கரைசல் பொங்கி இயந்திரத்தையே அரித்துவிடும். அலுமினியப் பாகங்கள் இருந்தால் இந்த முறை கூடாது: காரம் அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜனை வெளியிடும். ஆறியதும் நன்றாக அலசி, கழுவி, வழக்கமான ஸ்டெரிலைசேஷனுக்கு அனுப்புங்கள்.

காரத்தோடு சேர்த்துச் சூடாக்க வசதியில்லையா? அறை வெப்பத்தில் அதே காரத்தில் 1 மணி நேரம் ஊறவைத்து, எடுத்துத் தண்ணீரில் இட்டு, 121 டிகிரியில் 1 மணி நேரம் ஆட்டோகிளேவ் செய்யலாம். காரத்துக்குப் பதில் 20,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20,000 பங்கு) குளோரின் உள்ள ஹைப்போகுளோரைட் எனும் பிளீச்சும் உதவும்: 5 சதவீதக் கரைசல் 400 மில்லி, தண்ணீர் 600 மில்லி. ஆனால் அது எஃகில் குழி விழச் செய்யும், குளோரின் நெடியும் தாங்காது. மேசை, தரைக்குத்தான் பொருத்தம்; 1 மணி நேரம் ஈரமாகவே இருக்க விடுங்கள்.

நோய் உறுதியாகாத நிலையில் கருவிகளைக் காரத்தில் பதப்படுத்திய பின், பெயரிட்டுத் தனியே பூட்டி வையுங்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகே மறுபயன்பாட்டுக்கு எடுக்கலாம். அந்தத் தட்டில் இருந்த ஒவ்வொரு கருவியும் எந்த அறுவைக்குப் போனது என்ற பதிவு கட்டாயம் இருக்க வேண்டும். மடிப்பு மாறிய புரதம் பரவுவது சி.ஜே.டி.யோடு நிற்கவில்லை. இறந்தவர்களின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனைப் பெற்று சி.ஜே.டி.யால் இறந்த சிலரின் மூளையில், அல்சைமருக்குரிய அமிலாய்டு பீட்டா எனும் புரதப் படிவுகளும் இருந்தன. 2015இல் வெளியானது இது. அதனால் மூளைக் கருவிகளை எப்போதுமே கவனமாகப் பதிவு செய்வது வீண்வேலை அல்ல.

ஃபார்மலினில் ஏற்கெனவே பதப்பட்ட திசுத்துண்டுக்கு மேற்சொன்ன காரமுறை உதவாது. மெல்லிய துண்டுகளை 96 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் 1 மணி நேரம் வைத்து, மீண்டும் புது ஃபார்மலினுக்கு மாற்றுங்கள். அந்த அமிலத்தை ஹைப்போகுளோரைட் இருக்கும் வாளியில் கொட்டவே கூடாது; குளோரின் வாயு கிளம்பும்.