அம்மாவின் குழப்பமும் ஒரு சளி மாத்திரையும்

அம்மாவுக்கு 74 வயது. திடீரென்று மறதி. ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மாலையானால் "அப்பா இன்னும் வரலையா?" என்று கேட்பார்; அப்பா போய் ஆறு வருடம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஸ்கேன் எழுதித் தரும் முன் டாக்டர் ஒன்று சொன்னார்: "வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க." மருந்துக்கடையில் நாங்களே கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின் என்ற சளி மாத்திரை அதில் இருந்தது. மூக்கொழுகலுக்கென்று தினமும் மூன்று வேளை, ஒரு மாதமாக.

அது மூக்கொழுகலைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை மட்டும் தடுப்பதில்லை. மூளைக்குள் போய், நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையையும் தடுக்கும். வயதானவர்கள் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். வாய் வறண்டுபோகிறது, மலச்சிக்கல் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், அதுவும் இதனால்தான். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அதை நிறுத்திவிட்டு, மூளைக்குள் அதிகம் நுழையாத ஃபெக்சோஃபெனடின் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் காலை அம்மா தானே காபி ஆற்றிக்கொண்டு வந்து, "சக்கரை சரியா இருக்கா பாரு" என்று டம்ளரை நீட்டினார்.