துறைமுகப் பேட்டையின் மாற்றங்களைப் படித்தறியும் முறை: சென்னை ஜார்ஜ் டவுனை முன்வைத்து

துறைமுகத்தை ஒட்டிய ஒரு நகர்ப்பகுதி காலப்போக்கில் எப்படி மாறியது என்று அறிய விரும்புபவர், பழைய கட்டடங்களைப் படம் எடுப்பதிலிருந்து தொடங்குவது வழக்கம். கட்டடம் மாற்றத்தின் விளைவுதான். காரணம் வேறிடத்தில் இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கு எந்த வழியாகக் கரையேறிக் கடைக்கு வந்து சேர்கிறது என்பதைப் பின்தொடர்வதே நான் பரிந்துரைக்கும் முறை. அந்த வழி மாறிய ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் இருக்கும் தெருக்களின் தொழில், குடியிருப்போர், வாடகை எல்லாம் மாறியிருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தின் எதிரே இருக்கும் ஜார்ஜ் டவுனில் இந்த முறையைக் கையாண்டு பார்ப்பது எளிது. ஏனெனில் அங்கே ஒவ்வொரு காலமும் தன் தடயத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

முதலில், பழைய கடற்கரைக் கோடு எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடியுங்கள். இன்றைய ராஜாஜி சாலை, முதல் கடற்கரைச் சாலை என்று அழைக்கப்பட்டது. அங்கே நின்று கிழக்கே பார்த்தால் ரயில் பாதையும் துறைமுக மதிலும்தான் தெரியும், கடல் தெரியாது. ஆனால் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் அலைகள் ஏறக்குறைய அந்தச் சாலையின் ஓரம் வரை வந்தன. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் 1844ஆம் ஆண்டின் பழைய கலங்கரை விளக்கத் தூண் இன்றும் நிற்கிறது. 1894இல் அந்த விளக்கு உயர் நீதிமன்றக் கோபுரத்துக்கு மாறியது. 1977இல்தான் மெரினாவுக்குப் போனது. கப்பலுக்கு வழிகாட்டிய விளக்குகள் நீரிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கக் காரணம் என்ன என்று கேட்டாலே ஆய்வு தொடங்கிவிடும். 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்திய இரண்டு இடங்களில் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை என்பதையும் இதனோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய செய்திகளில் வரும் இத்தகைய இடக்குறிப்புகள், நிலப்படங்கள் விட்டுவிடும் செய்திகளைச் சொல்லும்.

அடுத்து, சரக்கு கரையேறிய விதங்களைக் கால வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகளே ஆட்களையும் மூட்டைகளையும் அலைகளைத் தாண்டிக் கொண்டுவந்தன. 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்துறை வந்தது. 1870களின் நடுவில் தொடங்கிய செயற்கைத் துறைமுகப் பணி, முடியும் தறுவாயில் 1881ஆம் ஆண்டுப் புயலில் பெரும் சேதமடைந்தது. 1904இல் துறைமுகத் தலைவராகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்குப் பக்க வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயிலை அமைத்த பிறகே அது நம்பகமான துறைமுகமாயிற்று. கடைசியாக, 1983இல் சரக்குப் பெட்டக (கன்டெய்னர்) முனையம் செயல்படத் தொடங்கியது. இந்த நான்கையும் ஒரு தாளின் இடது ஓரத்தில் எழுதி, வலது பக்கத்தை வெற்றாக விடுங்கள். இனி நீங்கள் காணும் ஒவ்வொரு செய்தியையும் இந்த நான்கில் எதனோடு தொடர்புடையது என்று பார்த்து அதன் எதிரே எழுதிவந்தால், சிதறிக் கிடக்கும் செய்திகள் தாமாகவே ஒழுங்குபடும்.

வலது பக்கத்தை நிரப்புவதற்கு நடந்துதான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு முறையும், வேலை நாளின் நண்பகலில் ஒரு முறையும் செல்லுங்கள். ஞாயிறன்று மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருப்பதால், பெயர்ப்பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் மேலே இருக்கும் மாடிகளை, அவற்றின் மரத் தூண்களையும் சுதை வேலையையும் நிதானமாகப் பார்க்க முடியும். வேலை நாளில் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளும் சுமை தூக்குவோரும் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகிறார்கள் என்பதிலிருந்து சரக்கின் இன்றைய வழி விளங்கும்.

பாரிமுனையில் தொடங்குவது நல்லது. அங்குள்ள டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் 1773ஆம் ஆண்டு பொறித்த ஓர் எல்லைக் கல்தூண் நிற்கிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த, இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம், பிரெஞ்சுக்காரர்களுடனான போர்க்காலத்தில் இடிக்கப்பட்டுத் திறந்த வெளியாக்கப்பட்டது. கோட்டைப் பீரங்கிகளுக்குத் தடையாக இந்த எல்லைக்குள் எவரும் வீடு கட்டக் கூடாது என்பதற்காகவே இத்தகைய தூண்கள் நடப்பட்டன. இடிக்கப்பட்ட ஊரின் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் மல்லீசுவரர் கோயிலும் பிறகு பூக்கடைப் பகுதியில் புதிதாக எழுந்தன. ஆக, இன்று நாம் ‘பழைய சென்னை’ என்று சொல்லும் ஜார்ஜ் டவுனே இரண்டாவதாக உருவான ஊர். அதன் பெயரும் 1906இல் சூட்டப்பட்டதுதான். ஒரு பேட்டையைத் தொன்மையானது என்று எழுதுமுன், அதற்கு முன்பு இடம்பெயர்க்கப்பட்டவர்கள் யார் என்று தேடிப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை என்று உறுதியாகக் கருதுகிறேன்.

தெருப் பெயரையும் இன்றைய தொழிலையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். கிடங்குகளைப் பெயரில் தாங்கிய கோடவுன் தெருவில் இன்று துணி மொத்த வியாபாரம் நடக்கிறது. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் திருமண அழைப்பிதழ்களும் விற்கின்றன. பவளக்காரத் தெருவின் பெயர், மத்தியதரைக் கடல் பவளத்தை இறக்கி இந்திய வைரத்தை ஏற்றுமதி செய்த யூத வணிகர்களின் காலத்தைச் சேர்ந்தது. பின்னாளில் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த நகரத்தார்க்குச் சென்னை முகவரியாக அதே தெரு அமைந்தது. அரண்மனைக்காரத் தெரு என்று தமிழில் வழங்கும் தெருவில் ஆர்மீனியர்களின் தேவாலயம் இருக்கிறது. பெயரும் தொழிலும் பொருந்தாத இடங்களே உங்களுக்கு மிகவும் பயன்படுபவை. பெயர் நிலைத்துத் தொழில் போய்விட்டதென்றால், நடுவில் சரக்கின் வழி மாறியிருக்கிறது என்று பொருள். பெயரும் தொழிலும் போன பின்பும் வழிபாட்டிடம் மட்டும் எஞ்சுவதுண்டு. ஆகவே கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் கல்வெட்டுகளையும் நன்கொடைப் பலகைகளையும் விடாமல் படியுங்கள்.

பர்மா பஜாரை மட்டும் தனியாக ஆராய வேண்டும். 1960களில் பர்மாவில் கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமையாக்கப்பட்டதால் எல்லாவற்றையும் இழந்து கப்பலேறி வந்த தமிழர்களுக்குப் பிழைப்புக்கு வழியாக, அந்தப் பதிற்றாண்டின் இறுதியில் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி இந்தக் கடை வரிசை அமைந்தது. வெளிநாட்டுப் பொருள் கிடைப்பது அரிதாக இருந்த நாட்களில், மாலுமிகளும் பயணிகளும் கொண்டுவந்த வானொலிப் பெட்டியும் வாசனைத் திரவியமும் அங்கே விலைபோயின. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்றுவந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985ஆம் ஆண்டுத் தீவிபத்தோடு ஓய்ந்தது. 1991க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. கடைகள் கைப்பேசிக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் மாறின. இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் மாலையில் விற்கும் பர்மிய உணவுகளான அத்தோவும் மொய்ங்காவும், கடல் கடந்த ஒரு வாழ்க்கையின் எச்சமாக இன்னும் இருக்கின்றன. கப்பல் போக்குவரத்து நின்ற பிறகும் அது கொண்டுவந்த மனிதர்கள் தங்கிவிடுகிறார்கள் என்பதை நிறுவ இதைவிடத் தெளிவான சான்று அந்தப் பகுதியில் இல்லை.

சரக்குப் பெட்டகத்தின் விளைவைக் காண்பதற்குச் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அது எதையும் இடிக்கவில்லை. மூட்டை மூட்டையாக இறங்கிய சரக்குக்குக் கூலியாட்களும் பக்கத்திலேயே கிடங்குகளும் தேவைப்பட்டன. பெட்டகமோ பளுதூக்கியால் இறக்கப்பட்டு, லாரியில் மாதவரம், மணலி போன்ற இடங்களின் பெட்டக நிலையங்களுக்குப் போய்த்தான் திறக்கப்படுகிறது. துறைமுக வாயிலுக்கு எதிரே இருந்த கிடங்குகளுக்கு வேலை குறைந்தது இப்படித்தான். அதோடு, நகரின் பிற முடிவுகளும் சேர்ந்துகொண்டன: கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று, வெளியூர்ப் பேருந்துகள் 2002இல் போயின, நிலக்கரி, இரும்புத்தாது தூசியால் ராயபுரம் பக்கத்து மக்கள் பட்ட துன்பத்தின் விளைவாக, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2011இல் அந்தச் சரக்குகள் சென்னைத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டன. ஆனால் உயர் நீதிமன்றம் நகரவில்லை. அதனால் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கத்து வழக்கறிஞர் அலுவலகங்களும் தட்டச்சு நிலையங்களும் நிலைத்துவிட்டன. எது போயிற்று என்பதோடு எது ஏன் போகவில்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

பேட்டைக்கு வெளியேயும் ஒரு நாள் செலவிட வேண்டும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் சுவர்கள் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு கரை அரிக்கப்பட்டது. ஒருவருக்கு உலாவும் இடமாகக் கிடைத்த மணல், இன்னொருவரின் வலை உலர்த்தும் இடத்திலிருந்து போனது. கருங்கற்கள் கொட்டிய கரையில் நின்று பார்க்காமல் துறைமுகத்தின் வரலாற்றை எழுதினால், அந்த வரலாறு பாதியாகவே இருக்கும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய நிலப்படங்களையும் வருவாய்த் துறைக் கோப்புகளையும் கேளுங்கள்; ஒரு குறிப்பிட்ட மனை யார் யாரிடம் கைமாறியது என்று அறியப் பதிவுத் துறையின் வில்லங்கச் சான்று உதவும். சென்னையில் கதவு எண்கள் மாற்றப்பட்டிருப்பதால், பழைய எண், புதிய எண் இரண்டையும் குறித்துக்கொள்ளாமல் போனால் வேறொரு வீட்டின் வரலாற்றை எழுத நேரிடும்.

மனிதர்களிடம் பேசும்போது வியாபார நேரத்தைத் தவிர்த்து, அண்ணாச்சி என்றோ பாய் என்றோ அந்தந்த இடத்து வழக்கப்படி அழையுங்கள். ‘இந்த இடம் எப்படி மாறியது’ என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பழங்கதையே பதிலாக வரும். ‘உங்கள் முதலாளி காலத்தில் சரக்கு எந்த வாயில் வழியாக வந்தது, யார் இறக்கினார்கள், கூலியை யார் பேசினார்கள், எந்த ஆண்டோடு நின்றது’ என்று கேளுங்கள். சொன்னதை உங்கள் தாளில் உள்ள ஆண்டுகளோடு ஒப்பிட்டு, பொருந்தாத இடங்களைக் குறித்து வைத்து, வேறொருவரிடம் மீண்டும் கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுதத் தொடங்குங்கள். பேசியவரின் பெயரை வெளியிடுவதற்கு அவரது ஒப்புதலைக் கேட்டுப் பெறுவதோடு, எழுதி முடித்ததை அவரிடமே ஒரு முறை படித்துக்காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.