'கலெக்டர் உத்தரவு' என்று ஃபார்வர்டு வந்தால்

கொரோனாவுக்குத் தமிழ்நாட்டின் முதல் பலி மதுரையில். 2020 மார்ச் 25 அதிகாலை அதை அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரே ட்விட்டரில் அறிவித்தார். அமைச்சரே நேரடியாகப் பதிவிடும் காலத்தில், 'பெரியாஸ்பத்திரியில் இடமில்லையாம்' என்று யாரோ பேசிய ஆடியோவை எதற்கு நம்ப வேண்டும்?

காய்ச்சல் பரவும் நாட்களில் குரூப்பில் ஏதாவது வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். பழைய உத்தரவுகள் புதிதுபோல் சுற்றும். தேதியே இல்லையா, விட்டுத்தள்ளுங்கள். (சித்தப்பா அனுப்பினார் என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது.) அடுத்து, மாவட்ட ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அதே செய்தி இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்கவில்லையா, அரசின் சுகாதார உதவி எண் 104-க்கு அடித்துக் கேளுங்கள், கட்டணம் கிடையாது.

குரூப்பில் மறுப்புப் போடுவதானால் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதையும் திருத்திவிடுவார்கள். அசல் பதிவின் லிங்க்கையே போடுங்கள்.