பின் சீட்டை எளிதாக மடக்க மாற்றம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிக்கி பக்கம் நின்றபடியே இழுத்து மடக்க ஒரு வார், கைக்கு எட்டும்படி ஒரு கேபிள் என்று பின் சீட்டில் செய்யும் சின்ன மாற்றங்கள், குனிய முடியாதவர்களுக்கும் அடிக்கடி சக்கர நாற்காலி ஏற்றுபவர்களுக்கும் பெரிய நிம்மதி. தாராளமாகச் செய்யலாம். ஆனால் மடக்குவதைச் சுலபமாக்கப் போய் லாக்கையே பலவீனமாக்கிவிடக் கூடாது.

பெரும்பாலான கார்களில் சாய்மானத்துக்குள் இருக்கும் கொக்கி, வண்டியின் உடலில் உள்ள ப வடிவக் கம்பியைக் கவ்விப் பிடிக்கும். புதிதாகப் போடும் கேபிளை விறைப்பாகக் கட்டினால் கொக்கி பாதி திறந்தபடியே நிற்கும். பார்த்தால் பூட்டியது போலத்தான் இருக்கும். இழுக்காத நிலையில் கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். கொக்கியைத் திறக்கும் லிவர் தானாகத் திரும்ப ஸ்பிரிங்கும் வேண்டும். லாக் விழவில்லை என்று காட்டும் சிவப்புக் குறி இருந்தால் அதை உறையால் மூடிவிடாதீர்கள்.

இதில் இவ்வளவு கவனம் எதற்கு? ஐ.நா. வாகன விதி எண் 17-இன்படி சோதிக்கும்போது, சாய்மானத்துக்குப் பின்னால் தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகளை வைத்து, மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் மோதுவதற்கு ஒப்பான அதிர்வைக் கொடுக்கிறார்கள். சீட் அந்தச் சுமையைத் தாங்கி நிற்க வேண்டும். அரைகுறையாக மாட்டிய கொக்கி தாங்காது. டிக்கியில் உள்ள சாமான் அத்தனையும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முதுகில் வந்து இறங்கும். சில கார்களில் நடு பெல்ட்டும் சாய்மானத்திலிருந்தே வருகிறது. அங்கே லாக் போனால் பெல்ட்டும் போனதாகத்தான் அர்த்தம்.

அடுத்தது துளை போடுவது. பல கார்களில் பின் சீட்டுக்கு நேர் கீழேதான் பெட்ரோல் டேங்க். ஹைபிரிட், மின்சார வண்டிகளில் அங்கே உயர் மின்னழுத்த பேட்டரி இருக்கலாம். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டிரில்லையோ வெல்டிங்கையோ கொண்டுபோகவே கூடாது. உயர் மின்னழுத்தத்துக்கான ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். மஞ்சள் கனெக்டர் பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதைத் தொடவே வேண்டாம்.

போல்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். தலையில் 8.8, 10.9 என்று வலிமையைக் குறிக்கும் எண் போட்ட போல்ட் இருந்த இடத்தில் சாதாரண போல்ட்டையோ, சட்டென்று உருவியெடுக்கக்கூடிய பின்னையோ (pin) போடக் கூடாது. கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து முறுக்குங்கள்.

வாரைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடாதீர்கள். ஓடும்போது ஒரு இழுப்பு போதும், சீட் திறந்துவிடும். குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி சாய்மானத்தின் பின்புறம் இருந்தால், புதிய கேபிள் அதன் குறுக்கே போகாமல் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் சீட்டைப் பலமுறை மடக்கி நிமிர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் மேல்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகப் பலமாக இழுங்கள். ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்தாலும், அது சரியாகும்வரை அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.